டூட்டூவுக்குக் கஞ்சி

கனடாவின் மொன்றியல் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் மனைவியின் வட்டப் பெட்டியைத் திறக்கச் சொன்னபோது நான் எங்கள் பாஸ்போர்ட் இரண்டையும் மறுபடி எடுத்து நீட்டினேன். பெட்டிக்குள் தவறாக எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என்னென்ன கெட்டது நடக்கக்கூடும் என்று யோசிப்பதற்கே சம்பளம் வாங்கியவன். இப்போது சம்பளம்தான் நின்றிருக்கிறது, யோசனை நிற்கவில்லை.

அதிகாரி மூடியைத் தூக்கினார். உள்ளே அடுக்கடுக்காக வெள்ளை வலைத்துணி. கை வைத்ததும் மொரமொரவென்றது.

"டூட்டூ. பாலே ஆடுறவங்க இடுப்பைச் சுத்திக் கட்டுற பாவாடை. நானே தைச்சேன்" என்று சுமதி ஆங்கிலத்தில் விளக்கினாள்.

அதிகாரியின் முகம் சட்டென்று இளகிவிட்டது. என் பக்கம் திரும்பி, "உங்களுக்கா?" என்று கேட்டார். நான் பதறிப்போய் "நோ சார்" என்றேன். அவர் சிரித்தபடி மூடியைப் போட்டார்.

சுமதி சென்னையில் ஒரு டிசைன் கல்லூரியில் உடைகளின் வரலாறு சொல்லிக்கொடுக்கிறாள். என் உறவினர்கள் அவளை இன்றுவரை 'தையல் டீச்சர்' என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். மொன்றியலில் நாடக உடை தைக்கக் கற்றுத்தரும் ஒரு கல்லூரி அவளை உரையாற்ற அழைத்திருந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய முறையில், நைலான் இல்லாமல், விறைப்பான பருத்தி வலையில் அவள் தைத்த டூட்டூவை ஒரு நடனப் பெண் உடுத்தி ஆடிக்காட்டுவாள், இவள் பேசுவாள். அது நன்றாக அமைந்தால் அடுத்த வருஷம் ஒரு பருவம் முழுக்க வந்து பாடம் நடத்தச் சொல்வார்களாம். சென்னையில் அவளுக்குக் கிடைக்காத மரியாதை அத்தனையும் அந்த ஒரு மணி நேரத்தில் இருந்தது. நான் பெட்டி தூக்கப் போனவன். எதையும் கெடுக்காமல் இருந்தால் போதும் என்பதுதான் எனக்கு இடப்பட்ட வேலை.

நாங்கள் தங்கியது கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், ரஞ்சினி வீட்டில். சுமதியின் பழைய மாணவி ஒருத்திக்கு ரஞ்சினி சித்தி முறை. யாழ்ப்பாணத்துக்காரி, பக்கத்து ஆஸ்பத்திரியில் வேலை. கணவர் துறைமுகத்திலிருந்து லாரி ஓட்டுகிறவர், அந்த வாரம் ஊரில் இல்லை. ஒன்பது வயதில் அபி என்று ஒரு மகள். ரஞ்சினி வாசலிலேயே, "வாங்கோ ரீச்சர், வாங்கோ அண்ணை, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ, குளிர் அடிக்குது" என்று எங்களை இழுத்துக்கொண்டாள்.

சூடான பிட்டு, தேங்காய்ச் சம்பல், சிவக்கச் சிவக்க மீன் குழம்பு. வெளியே எல்லாம் உறைந்து கிடக்க, என் மூக்கில் மட்டும் நீர் கொட்டியது. எங்கள் வீட்டுக் குழம்பைக் காரம் என்று சொல்லிக்கொண்டிருந்த நான் இனிமேல் அப்படிச் சொல்லப் போவதில்லை.

சாப்பிட்டு முடித்ததும் சுமதி டூட்டூவைக் காற்றாட எடுத்து, எங்கள் அறை நாற்காலியின் மேல் விரித்து வைத்தாள். ரஞ்சினி வாசல் நிலையில் சாய்ந்து எங்கள் பக்கம் பார்த்து, "சரியான வடிவான சட்டை!" என்றாள்.

வடிவு என்றால் அழகு என்பது வரை எனக்குத் தெரியும். நான் அன்று புதுக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தேன். "தேங்க்ஸ்மா. தி.நகர்ல வாங்கினது" என்றேன்.

"ஓ! உதெல்லாம் அங்கை கடையிலயே விக்கினமோ?"

"ஆடி தள்ளுபடியில அள்ளிக்கலாம்" என்றேன். அவள் ஆச்சரியத்தோடு தலையை ஆட்டிவிட்டுப் போனாள். ஒரு சட்டைக்கு இத்தனை ஆச்சரியமா என்று தோன்றியது. தோன்றியதோடு விட்டுவிட்டேன்.

மறுநாள் சுமதி உரையைச் சரிபார்க்க உட்கார்ந்துவிட்டாள். நான் ஊர் பார்க்கக் கிளம்பினேன். மொன்றியலின் மெட்ரோ நிலையக் கதவுகளைப் பற்றி யாரும் என்னை எச்சரிக்கவில்லை. கீழே ரயில் போகும்போது காற்று அந்தக் கனத்த கதவை உள்ளே உறிஞ்சுகிறது, வரும்போது வெளியே தள்ளுகிறது. வெளியே நின்று நான் முழு பலத்தோடு இழுக்கிறேன், கதவு வரமாட்டேன் என்கிறது. திடீரென்று வருகிறது, என்னையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு. பின்னால் வந்த ஒரு அம்மாள் கையைப் பிடித்து நிறுத்தி, "புதுசா? ஏப்ரல்ல சரியாயிடும்" என்று பிரெஞ்சு கலந்த ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னார். கதவைச் சொன்னாரா, குளிரைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

மதியம் ஒரு கடையில் பூட்டீன் வாங்கினேன். உருளைக்கிழங்கு வறுவல், மேலே பாலாடைக்கட்டித் துண்டு, அதன் மேல் சூடாக ஒரு பழுப்புக் குழம்பு. நம் ஊரில் மொறுமொறுப்பாக வறுத்ததை யாராவது வேண்டுமென்றே குழம்பில் ஊற வைப்பார்களா? தயிர்வடை தின்று வளர்ந்தவன் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது என்பது பாதித் தட்டில்தான் உறைத்தது. மீதிப் பாதியை ரசித்துச் சாப்பிட்டேன்.

திரும்பும் வழியில் தெருமுனை தெபானரில் ஒரு காபி. இங்கே பெட்டிக்கடைக்கு அதுதான் பெயர். வெளியே கால் வைத்ததும் பனிக்கட்டி. நான் விழவில்லை, காபி விழுந்தது. திறந்திருந்த கோட்டுக்குள்ளே கட்டம் போட்ட சட்டையின் முன்பக்கம் பூராவும் கறை. வீட்டுக்கு வந்து அதைக் கழற்றி அறை நாற்காலியின் முதுகில் போட்டேன். அப்படித்தான் இன்றுவரை நம்புகிறேன்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அபி கேட்ட கேள்விகளுக்கு சுமதி பொறுமையாகப் பதில் சொன்னாள். முதலில் பாலே பாவாடை கெண்டைக்கால் வரை இருந்ததாம். காலின் வேகத்தைப் பார்க்க ஆசைப்பட ஆசைப்பட மேலே ஏறி, இடுப்பைச் சுற்றித் தட்டையாக நிற்க ஆரம்பித்ததாம். மேடையில் காஸ் விளக்கு எரிந்த காலத்தில் அது பற்றிக்கொண்டு செத்த பெண்களும் உண்டாம். நெருப்புப் பிடிக்காத மருந்தில் நனைத்தால் துணி மஞ்சளடித்து அசிங்கமாகிறது என்று பலர் மறுத்துவிட்டார்களாம்.

"அந்த நேரம் தெருவில போற ஆக்கள் என்ன போட்டவை?" என்று ரஞ்சினி கேட்டாள்.

"அதான் என் பேச்சே" என்றாள் சுமதி. குரலில் ஒரு வேகம் வந்துவிட்டது. "இந்த நூற்றாண்டு இல்ல, போன நூற்றாண்டு தொடக்கம். தெருவுல பெண்கள் உள்பாவாடை, இறுக்குக் கச்சை எல்லாத்தையும் ஒவ்வொண்ணா கழட்டுறாங்க. துணி தொளதொளன்னு விழுது. அடுத்த ரெண்டு மூணு வருஷத்துல கணுக்கால்கிட்ட கட்டிப்போட்ட மாதிரி ஒரு பாவாடை வருது. அதைப் போட்டா நடக்கவே முடியாது. சில ஊர்ல அவங்களுக்காக டிராம் வண்டிப் படியையே தாழ்த்தினாங்க. அப்ப பாரீசுக்கு ஒரு ரஷ்ய நடனக் குழு வருது. அதைப் பார்த்துட்டு, விளக்குக் கூடு மாதிரி ஓரத்துல கம்பி வெச்ச மேலங்கி வருது, கீழே தொளதொள கால்சட்டை. தெரு தூக்கிப் போட்ட விறைப்பை மேடை பத்திரமா வெச்சிருந்து, தெருவுக்கே திருப்பிக் குடுத்திச்சு. என் உரைக்குப் பேரே 'விறைப்பு'தான்."

டூட்டூ என்ற சொல் பிரெஞ்சுக் குழந்தைகள் பின்பக்கத்துக்குச் சொல்லும் செல்லப் பேரிலிருந்து வந்திருக்கலாம் என்றும் சொன்னாள். அதன் பிறகு அபிக்குச் சோறு இறங்கவில்லை. கூடத்தைச் சுற்றிச் சுற்றி அந்தச் சொல்லையே கத்திக்கொண்டு ஓடினாள்.

மூன்றாம் நாள் காலையில் சுமதி, மறுநாள் பேச வேண்டிய கல்லூரி மேடையைப் பார்க்கப் போய்விட்டாள். நான் கூடத்தில் தொலைக்காட்சியில் பனிப்புயல் அறிவிப்பைப் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். ரஞ்சினி துணிக்கூடையோடு வந்தாள். அந்தக் கட்டடத்துக்கே நிலவறையில் ஒரு சலவை இயந்திரம்தான்.

"கீழ மிசினுக்குப் போறன். தோய்க்க ஏதும் இருக்கோ அண்ணை?"

"ஒரு சட்டை இருக்கும்மா. ரூம்ல நாற்காலி மேல. கறை பட்டிருக்கு."

அவள் அறைக்குள் போனாள். பிறகு உள்ளிருந்தே கேட்டாள்: "கறை ஒண்டும் தெரியேல்லையே. இந்தச் சட்டையைத் தோய்க்கலாமோ அண்ணை? பயமா கிடக்கு."

"என்னம்மா பயம்? அது என்ன தங்கமா? தாராளமா போடுங்க. முன்பக்கம் மட்டும் நல்லா தேய்ச்சுடுங்க."

"ரீச்சர் ஒண்டும் சொல்லமாட்டாவோ?"

"அவ என்ன சொல்லப் போறா? நாளைக்கு அதைத்தான் போட்டாகணும்" என்றேன்.

வாழ்நாள் முழுக்க எதற்கெடுத்தாலும் பயந்தவன், பயப்பட வேண்டிய ஒரே நேரத்தில் அடுத்தவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவள் மேலே வந்தாள். கையில் ஒரு தலையணை உறை, அதற்குள்ளிருந்து நனைந்த வெள்ளைத் துணி எட்டிப் பார்த்தது. முகம் வெளிறியிருந்தது. "அண்ணை, இது நிக்குதில்லை" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. அவள் அதை உதறிக் காட்டினாள். இடுப்பைச் சுற்றித் தட்டுப்போல நிற்க வேண்டிய டூட்டூ, கொடியில் காயும் பழைய கொசுவலை கணக்காகத் தொங்கியது. அறைக்கு ஓடினேன். நாற்காலி வெறுமையாக இருந்தது. என் கட்டம் போட்ட சட்டை அதன் பின்னால் தரையில் நழுவிக் கிடந்தது.

"நான் சொன்னது என் சட்டையை!"

"உங்கட சேட்டோ?" ரஞ்சினி ஷர்ட் என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். அவள் கண்கள் கலங்கிவிட்டன. "அப்ப சேட் எண்டு சொல்லியிருக்கலாமே! சட்டை எண்டால் பொம்பிளைப் பிள்ளையள் போடுறதெல்லோ. நீங்கள்தானே தோய்க்கச் சொன்னனீங்கள்! நான் ரெண்டு தரம் கேட்டனான்."

முதல் நாள் அவள் எதை வடிவு என்றாள், ஆடித் தள்ளுபடியில் எதை அள்ளலாம் என்று நான் சொன்னேன் என்பதெல்லாம் அப்போதுதான் வரிசையாக மண்டையில் ஏறியது. அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு அழவேண்டும் போல இருந்தது, இருவருமே அழுதால் யார் எதைச் செய்வது என்று அடக்கிக்கொண்டேன்.

"காயவெச்சா விறைச்சுக்குமோ?" என்றேன்.

"ட்ரையரில போட்டால் சுருங்கிப்போகும். பல்கனியில போடுவமே?"

பால்கனியில் போட்டோம். மொன்றியல் குளிர் எனக்குச் செய்த ஒரே நன்மை என்று அப்போது நினைத்தேன். கொஞ்ச நேரத்திலேயே துணி விறைக்க ஆரம்பித்தது. தட்டினால் டக் டக்கென்றது. முன்னைவிடக் கம்பீரமாக நின்றது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அலுங்காமல் தூக்கிவந்து நாற்காலியில் வைத்தேன். அந்த நேரம் பார்த்துச் சுமதி கதவைத் திறந்தாள்.

அவள் குனிந்து காலணியைக் கழற்றிக்கொண்டே மேடை எவ்வளவு பெரியது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. என் எதிரே டூட்டூ ஒரு பக்கமாக மெல்லத் தலை குனிந்தது. பிறகு மறுபக்கம். பிறகு மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. சொட்டுச் சொட்டாகத் தரையில் நீர். சுமதி நிமிர்ந்து பார்த்தபோது நாற்காலியைச் சுற்றிச் சின்னக் குட்டை தேங்கியிருந்தது.

நடந்ததை ரஞ்சினி சொன்னாள். நான் பாதியில் பாதியில் "என் தப்புதான்" என்று சேர்த்துக்கொண்டிருந்தேன். சுமதி கத்தவில்லை. கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தரையில் உட்கார்ந்து துணியை மடியில் போட்டு, ஒவ்வொரு அடுக்காக விரலால் நீவிப் பார்த்தாள். தையல் சில இடங்களில் விட்டிருந்தது. மில்லில் ஏற்றிய விறைப்பு முழுக்கத் தண்ணீரோடு போயிருந்தது. அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. மனசு ஆறவேயில்லை எனக்கு.

பிறகு தலையைத் தூக்கி, "ரஞ்சினி, ஜவ்வரிசி இருக்கா?" என்றாள்.

"சவ்வரிசியோ? ஓம், இருக்கு." ரஞ்சினி குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். "ரீச்சருக்கு இப்ப பாயசமோ?"

"கஞ்சி" என்றாள் சுமதி. "பருத்திப் புடவைக்குப் போடுவோமே, அந்தக் கஞ்சி. நூறு வருஷம் முன்னாடி அங்கேயும் கஞ்சிதான் போட்டாங்க. என்ன மாவுல, எவ்வளவு கெட்டின்னுதான் எனக்குத் தெரியாது."

ஜவ்வரிசி வெந்தது, கரைந்தது, வடிகட்டப்பட்டது. ரஞ்சினி அடுப்பைப் பார்த்தாள். அபி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் விரிந்த குடை ஒன்றைக் கவிழ்த்துக் கொண்டுவந்தாள். அதன்மேல் டூட்டூவை விரித்து, அடுக்கடுக்காகக் கஞ்சியைத் தடவினார்கள். என்னிடம் தலைமுடி உலர்த்தும் கருவி தரப்பட்டது. சுமதி என்னிடம் பேசியதெல்லாம் ஒற்றைச் சொற்கள்தான். "பிடிங்க." "தள்ளுங்க." "கிட்ட வேணாம்." கை மரத்துப்போய் இடது பக்கத்தை நான் சரியாக உலர்த்தவில்லை. சொல்லவும் பயம், சொல்லாமலிருக்கவும் பயம். கடைசியில் சொன்னேன். அவள் தொட்டுப் பார்த்துவிட்டு, "காலைல பாத்துக்கலாம்" என்றாள். விளக்கை அணைத்துப் படுத்த பிறகும் நான் பொட்டுத் தூக்கமில்லாமல் கிடந்தேன்.

காலையில் அது நின்றது. இடது பக்கம் மட்டும் லேசாகச் சோர்ந்திருந்தது. மறுபடி கஞ்சி போட நேரமில்லை. புயலில் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை, டாக்சியும் கிடைக்கவில்லை. வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ரஞ்சினியும், கூடவே அபியும் கிளம்ப, நாலு பேரும் மெட்ரோவுக்கு நடந்தோம். அந்தக் கதவு வந்தது. நான் பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு முதுகைக் கொடுத்தேன். காற்று என்னைத்தான் இடித்தது, பெட்டியை இல்லை. ரயிலில் எதிரே இருந்த கிழவர் வட்டப் பெட்டியைக் காட்டிப் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். "கேக்கோ எண்டு கேக்கிறார்" என்றாள் அபி. ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் பெட்டியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

அரங்கு நிரம்பியிருந்தது. அழைத்த பேராசிரியை மிரேய் முன்வரிசையில் இருந்தார். நடனப் பெண் முதலில் கணுக்காலைக் கட்டும் அந்தப் பாவாடையில் வந்து, தத்தித் தத்தி இரண்டு படி ஏறிக் காட்டினாள். சிரிப்பு. பிறகு டூட்டூ. வெளிச்சத்தில் அது பளீரென்று விரிந்து நின்றபோது பக்கத்திலிருந்த ரஞ்சினி என் கையைக் கிள்ளினாள்.

முதல் துள்ளலில் கஞ்சி தூளாக உதிர்ந்தது. கறுப்பு மேடையில் வெள்ளைப் பொடி நன்றாகவே தெரிந்தது. இரண்டாவது சுழற்சியில் இடது பக்கம் தொய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இசை நின்றது. நிறுத்தச் சொன்னது சுமதிதான்.

"இந்தப் பாவாடை நேற்று சலவை இயந்திரத்துக்குள் போய்வந்தது" என்று அவள் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "என் கணவருடைய தமிழில் சட்டை என்றால் ஆண்கள் போடுவது. நாங்கள் தங்கியிருக்கும் வீட்டுத் தமிழில் பெண்பிள்ளைகள் போடுவது." மிரேய் பிரெஞ்சில் சொல்லி முடித்ததும் அரங்கே அதிர்ந்தது. நான் நாற்காலிக்குள் புதைந்தேன். சிரிப்பு அடங்கும்வரை சுமதி காத்திருந்தாள். "நான் விறைப்பைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தேன். விறைப்பு துணியிலேயே இருக்கிறது என்று நினைத்து எழுதியிருக்கிறேன். அது தப்பு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் யாரோ அடுப்பில் காய்ச்சி, கையால் தடவி ஏற்றியது அது. வேர்வை பட்டதும் இறங்கிவிடும். அடுத்த காட்சிக்கு வேறு பாவாடை தயாராக நிற்க வேண்டும். நைலான் வந்த பிறகு நமக்கு இது மறந்துபோயிற்று. இப்போது அது எப்படி இறங்குகிறது என்று பாருங்கள்."

இசை மறுபடி தொடங்கியது. அந்தப் பெண் ஆட ஆட, டூட்டூ கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே வந்தது. யாரும் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் ஒரு பெண் தோழியிடம் பிரெஞ்சில் ஏதோ கிசுகிசுத்தாள். அபி என் காதில், "களைச்சுப்போன மாதிரி இருக்காம், அதுதான் வடிவாம்" என்றாள்.

முடிந்ததும் மிரேய் மேடையேறி வந்து சுமதியின் கைகளைப் பிடித்துக்கொண்டார். "இதை எங்களிடமே விட்டுப் போங்கள். அடுத்த வருஷம் நீங்கள் பாடம் தொடங்கும்போது இதிலிருந்தே தொடங்கலாம்" என்றார். அடுத்த வருஷம் என்ற சொல்லை அவர் வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அவரே தொடர்ந்தார்: "ஒரே ஒரு சிக்கல். கஞ்சி இருந்தால் பூச்சி வரும். எங்கள் சேமிப்பறையில் வைக்க முடியாது. நீங்கள் கிளம்புவதற்கு முன்னால் யாராவது இதைத் துவைத்துத் தர முடியுமா?"

சுமதி திரும்பி என்னைப் பார்த்தாள். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். கண் கலங்கியிருந்தது, உதட்டோரம் சிரிப்பு துடித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, துவைச்சுக் குடுத்துடுறீங்களா?"

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ரஞ்சினியைப் போல "ஓம்" என்று வந்தது.